நிறுத்த முடியாவிட்டால் கெட்டவனா?

“ஆபாசக் காணொளி பார்ப்பதை நிறுத்த நினைக்கிறேன், முடியவில்லை. நான் கெட்டவனா?” என் வகுப்புக் கேள்விப் பெட்டியில் பெயரில்லாமல் கிடந்த சீட்டு இது. பதிலை அறிவியலிலிருந்தே தொடங்குவோம்.

நம் மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் உண்டு. இன்பத்தைவிட ‘அடுத்தது என்ன?’ என்ற ஆவலையே அது அதிகம் தூண்டும். திரையில் புதிது புதிதாக வந்துகொண்டே இருப்பதால் ஆவல் அடங்குவதில்லை. ‘போதும்’ என்று கடிவாளம் இடுவது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி. அது முழு முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயதாகும். ஆகவே, பதின்ம வயதில் தடுமாறுவது கெட்ட குணம் அன்று. ஆனால், தூக்கமும் படிப்பும் கெட்ட பின்னும் நிறுத்த முடியாவிட்டால் உதவி தேவை.

பள்ளி ஆலோசக ஆசிரியரின் அறை தண்டனை அறை அன்று. மனம் எப்போது அதை நாடுகிறது, சலிப்பிலா, தனிமையிலா, தேர்வுப் பயத்திலா என்று அவர் உங்களோடு சேர்ந்து கண்டறிவார். காரணம் தெரிந்தால் மாற்றுவழி பிறக்கும். உங்கள் பாதுகாப்புக்கோ பிறர் பாதுகாப்புக்கோ ஆபத்து இருந்தாலோ, சட்டம் கோரினாலோ அன்றி, கேட்டதை அவர் பொதுவாக வெளியில் சொல்லமாட்டார்.

முதல் படியை இன்றிரவே எடுக்கலாம்: கைப்பேசியைப் படுக்கையறையில் வைக்காமல் வரவேற்பறையில் சார்ஜ் செய்யுங்கள். நேரில் பேசத் தயக்கமா? தாலியான் காசே 15999 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

சீட்டு எழுதிய தம்பி, நீ கெட்டவன் இல்லை. அதே கேள்வியை ஆலோசக ஆசிரியரிடமும் கேள்.