வரைபடத்துக்குப் பின்னால் கிடந்த பெயர்கள்

தரவுப் பகிர்வுச் செயலியில் அறிக்கைக்கு ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே, எந்த விவரம் கண்ணில் படும், எது தெரியாமல் கோப்போடு கூடவே போகும் என்பதும் முடிவாகிவிடுகிறது.

ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை 2014 பிப்ரவரியில் தடுப்புக்காவல் புள்ளிவிவர அறிக்கை ஒன்றைத் தன் இணையதளத்தில் வெளியிட்டது. வேர்ட் கோப்பு அது. எக்செல்லில் வரைந்த வரைபடத்தை அதில் ஒட்டியபோது மூலத் தாளும் சேர்ந்து வந்துவிட்டது. ஏறத்தாழ 9,250 பேரின் முழுப்பெயர், பிறந்த தேதி, குடியுரிமை, தடுத்து வைக்கப்பட்டிருந்த இடம் எல்லாம் அதில் இருந்தன. எட்டு நாளுக்கும் மேலாக யார் வேண்டுமானாலும் அதை இறக்கிக்கொள்ள முடிந்தது. பட்டியலில் இலங்கைத் தமிழர்களும் இருந்தனர். எந்த அரசுக்கு அஞ்சிப் படகேறினார்களோ, அந்த அரசின் கைக்கும் எட்டுகிற இடத்தில் அவர்கள் பெயர் கிடந்தது. 2021 ஜனவரியில்தான் தகவல் ஆணையர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டார். தங்கள் பாதிப்பை எழுதிக் கொடுத்திருந்த 1,297 பேருக்கு மட்டும், பாதிப்பைப் பொறுத்து 500 டாலரிலிருந்து 20,000 டாலருக்கு மேல் வரை. ஏழு ஆண்டு தாமதம் கொடுமையானது.

சிட்னியின் செவன் ஹில்ஸ், டூங்காபி பக்கத்து வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கும் முதியோர் குழுவுக்கும் இதே ஆபத்து சிறு அளவில் உண்டு. வருகை எண்ணிக்கை மட்டும் கேட்கப்படும் இடத்துக்கு மொத்தத்தை மட்டும் காட்டும் தொகுப்பு அமைப்பே போதும்; ஆளுக்கொரு வரி வரும் அட்டவணை வேண்டாம். மறைத்துவைத்த நெடுவரிசையைக் கோப்பு கிடைத்தவர் இரண்டு சொடுக்கில் வெளியே எடுத்துவிடுவார். பிள்ளையின் ஒவ்வாமையோ வீட்டு முகவரியோ அதில் இருந்தால், நெடுவரிசையையே நீக்கிய புதுப் பிரதிதான் அனுப்பத் தக்கது. வரைபடத்தைப் படமாக ஒட்ட வேண்டும். “செவன் ஹில்ஸ், 80 வயதுக்கு மேல், ஒருவர்” என்று ஒரு கட்டம் காட்டினால், பெயர் போடாமலே ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். அத்தகைய சிறு எண்களைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுவது நல்லது.

1988ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டப்படி, தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் விவரத்தைப் பார்க்கவும் பிழையைத் திருத்தச் சொல்லவும் ஒருவருக்கு உரிமை உண்டு. கசிவால் கடும் தீங்கு நேரக்கூடும் என்றால், பாதிக்கப்பட்டவருக்கும் தகவல் ஆணையர் அலுவலகத்துக்கும் நிறுவனம் அறிவிக்க வேண்டும். இந்தக் கடமை 2018 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டு வரவு 30 இலட்சம் டாலரைத் தாண்டாத சிறு அமைப்புகள் பெரும்பாலும் இச்சட்டத்துக்குள் வருவதில்லை. ஊர்ச் சங்கங்களில் பல அப்படிப்பட்டவையே. ஆகவே அங்கே விவரம் கொடுக்கும்போதே, அது யாருக்கு, எந்த வடிவில் போகும் என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் என்றால் முதலில் அதற்கே எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாளில் தக்க பதில் வராவிட்டால் ஆஸ்திரேலியத் தகவல் ஆணையர் அலுவலகத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் மூலம் பேசலாம்.