எரியாத வாயு

1903-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் கான்ஸஸ் மாநிலத்தில், டெக்ஸ்டர் என்னும் சிற்றூரில் பூமியைத் துளைத்த இடத்தில் இயற்கை வாயு பேரிரைச்சலோடு பீறிட்டெழுந்தது. ஊருக்கு நல்ல காலம் பிறந்ததென்று விழா எடுத்தார்கள். எரியும் வைக்கோற்கட்டை வாயுவின் அருகே தள்ளினார்கள். வாயு பற்றவில்லை, வைக்கோலில் இருந்த நெருப்பும் அணைந்து போயிற்று! அவ்வூரார் முகங்களை எண்ணிப் பார்க்கையில் எனக்கு இரக்கமும் சிரிப்பும் ஒருங்கே எழுகின்றன.

கான்ஸஸ் பல்கலைக் கழகத்து ரசாயன அறிஞர்கள் கேடியும் மக்ஃபார்லண்டும் அவ்வாயுவை ஆராய்ந்தனர். அதில் பெரும்பகுதி நைட்ரஜன்; ஆகவேதான் அது எரியவில்லை. 1905-ஆம் ஆண்டு டிசம்பரில் வேறொன்றும் புலப்பட்டது: நூற்றுக்கு 1.84 பங்கு ஹீலியம். 1868-இல் சூரிய ஒளியில் ஒரு மஞ்சள் கோடாகத் தென்பட்ட பொருள் அது; 1895-இல் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து சிறிதளவே பெற்றிருந்தார். அதுவோ இங்கே ஒரு வயற்காட்டில் வீணே பீறிட்டுக்கொண்டிருந்தது.

இது பூமிக்குள் எவ்வாறு வந்தது? பாறைகளிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதையும்போது ஆல்பாத் துகள்களை வெளியிடுகின்றன. ஆல்பாத் துகள் என்பது ஹீலியத்தின் அணுக்கருவே. இவ்வாறு கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பிறந்த வாயு மேலே கசிந்து வருகிறது. உப்புப் பாறை போன்ற இறுகிய படலம் மூடிபோல் கவிந்திருக்கும் இடங்களில் மட்டும் அது இயற்கை வாயுவோடு சிறைப்படுகிறது.

பிரித்தெடுக்கும் வேலையைக் குளிரே செய்கிறது. முதலில் நீராவியையும் கரியமில வாயுவையும் நீக்கிவிடுவர்; இல்லையேல் அவை உறைந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும். பிறகு மிகவும் குளிர்விக்கும்போது மீதேன் சுமார் −161 டிகிரியிலும் நைட்ரஜன் −196 டிகிரியிலும் திரவமாகின்றன. ஹீலியமோ −269 டிகிரி வரையில் வாயுவாகவே நிற்கும். எஞ்சிய மாசுகளைக் கரி உறிஞ்சிக்கொள்ளும்.

டெக்ஸாஸ் மாநிலத்து அமரில்லோவில் 1929-இல் அரசாங்க ஆலை எழுந்தது. 1960-களில் அரசாங்கம் ஹீலியத்தை வாங்கி, அந்நகரை அடுத்த கிளிஃப்சைடு நிலத்தடியில் செலுத்திச் சேமித்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விற்றுவிடப் பணித்தது. பழைய கடனை அடைக்கும் கணக்கில் விலை வைத்தார்களேயன்றிப் பொருளின் அருமையை நோக்கி வைக்கவில்லை. இது எனக்கு விவேகமாகத் தோன்றவில்லை. 2024-இல் அச்சேமிப்பு தனியார் கைக்கு மாறியது.

மருத்துவமனைகளில் காந்தப் படமெடுக்கும் கருவிகளைக் குளிர்விப்பது திரவ ஹீலியம். தப்பிய ஹீலியத்தைக் காற்றிலிருந்து மீட்பதோ அரிது. பத்து லட்சம் பங்கு காற்றில் அது ஏறத்தாழ ஐந்து பங்கே உண்டு. அதுவும் மெல்ல மெல்லப் பூமியின் ஈர்ப்பை விட்டே வெளியேறிவிடுகிறது. கிணற்றுவாயிலேயே பிரித்தால்தான் உண்டு. பிரிக்காமல் இயற்கை வாயுவை அடுப்பில் எரித்தால், அதிலுள்ள ஹீலியம் எரியாமலே புகைப்போக்கி வழியாகப் போய்விடும்.