புது லேப்டாப் வருது... பழசுல என்ன இருக்குனு பார்த்தீங்களா?

"திங்கட்கிழமை பழைய லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டு, புதியதைப் பெற்றுக்கொள்ளவும்." அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இப்படி ஒரு மெயில் வந்தால் ஆச்சர்யமில்லை. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற டி.பி.எம். 2.0 வசதி வேண்டும். இன்டெல் புராஸஸர் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையாவது இருக்க வேண்டும். இல்லாத மெஷின்களை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மெயிலைப் பார்த்ததும் பலரும் சொல்வது, "எல்லாம் ஒன்டிரைவ்ல இருக்குமே!" அங்கேதான் சிக்கல்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஐ.டி. டீம் வழக்கமாக ஒன்டிரைவோடு இணைத்து வைப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களைத்தான். டவுன்லோட்ஸ் அதில் சேராது. 'டி' டிரைவில் நீங்களாக உருவாக்கிய ஃபோல்டரும் சேராது. அவுட்லுக்கில் இடம் போதாமல் பழைய மெயில்களை பி.எஸ்.டி. ஃபைலாக எடுத்து எங்கோ போட்டிருப்பீர்களே, அதையும் தேடுங்கள். அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருப்பவர்கள் டேலி டேட்டா எந்த இடத்தில் சேமிக்கப்படுகிறது என்பதை டேலிக்குள்ளேயே பார்த்துவிடுவது நல்லது.

குரோம் பாஸ்வேர்டு இன்னொரு தலைவலி. அவை பழைய மெஷினின் விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டிருக்கும். குரோம் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து கொண்டுபோனாலும் புது மெஷினில் திறக்காது. சிங்க் அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

சிங்க் வேறு, பேக்கப் வேறு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. லேப்டாப்பில் ஒரு ஃபைலை டெலிட் செய்தால் கிளவுடிலும் போய்விடும். ஆபீஸ் ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் வழக்கமாக 93 நாள்கள் இருக்கும். அதற்குள் தேடினால் உண்டு.

தனி ஐ.டி. டீம் இல்லாத சின்ன யூனிட்களின் நிலைமை இன்னும் மோசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படித் தண்ணீர் வரும்போது முதலில் நனைவது மேஜைக்கு அடியில் இருக்கும் சி.பி.யு.தான். பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கும் அதே மேஜையின் கீழ் டிராயரில் இருந்தால், அது பேக்கப்பே இல்லை. ஒரு காப்பி வேறு கட்டடத்திலோ, கிளவுடிலோ இருக்க வேண்டும். ஆவடியில் இருக்கும் முதலாளியின் வீட்டு பீரோகூடப் போதும்!

ஆபீஸ் லேப்டாப்பில் குழந்தையின் பிறந்தநாள் போட்டோ, சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாம் வைத்திருப்பவர்கள் ஏராளம். அதற்காக பென் டிரைவைச் செருகினால், பல கம்பெனிகளில் யு.எஸ்.பி. போர்ட் முடக்கப்பட்டிருக்கும், சில இடங்களில் எச்சரிக்கை மெயிலும் வரும். "இவை என் சொந்த ஃபைல்கள்" என்று ஐ.டி. டீமுக்கு மெயில் போட்டு, அவர்கள் மூலமாகவே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

கூடவே ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்: "பழைய மெஷினை இரண்டு வாரம் கழித்து ஃபார்மட் செய்ய முடியுமா?" மாதக் கணக்கு முடிக்கும் நாளில்தான் பலருக்கும் விட்டுப்போன ஃபைல் ஞாபகத்துக்கு வருகிறது.