பழைய லான்ட்மாஸ்டர் வாங்கும் முன்: பெட்டியையும் பத்திரத்தையும் பாருங்கள்

மூதூர், சம்பூர், வெருகல், தம்பலகாமம் பக்கங்களில் வயலையும் கடலையும் நம்பி வாழும் குடும்பமொன்று கடன்பட்டு வாங்கும் மிகப் பெரிய பொருள், பல வேளைகளில் ஒரு பழைய லான்ட்மாஸ்டரும் அதன் பெட்டியும்தான். காலையில் வயல் உழும் அதே இயந்திரம் மாலையில் நெல் மூட்டை ஏற்றும். வலையையும் வெளியிணைப்பு இயந்திரத்தையும் கரைக்குக் கொண்டுபோகும். விறகு, தண்ணீர்த் தாங்கி, வீடு கட்டும் கல் என எல்லாம் அதில்தான் வரும். பிரசவ வலி எடுத்த பெண்ணை இரவில் வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றதும் பல ஊர்களில் அந்தப் பெட்டிதான்.

வாங்கப் போகிறவர்கள் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? இயந்திரத்தை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்கிறார்கள், புகையைப் பார்க்கிறார்கள், விலை பேசுகிறார்கள். பின்னால் கொழுவியிருக்கும் பெட்டியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பத்திரம் “பிறகு பார்க்கலாம்” என்று தள்ளிப்போகிறது. ஆனால், பழுதான இயந்திரத்தைப் பணம் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். பெட்டி கவிழ்ந்தால் உயிர் போகும். பத்திரம் பிழைத்தால் முழுப் பணமும் போகும்.

பெட்டிக்குள் வாழ்ந்த காலம்

லான்ட்மாஸ்டர் என்பது ஒரு வணிகப் பெயர். இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் இலங்கைப் பொறியியலாளரான ரே விஜேவர்தன (1924–2010). அவரது வடிவமைப்பை 1950களில் பிரித்தானிய நிறுவனமொன்று அந்தப் பெயரில் தயாரித்தது. பின்னர் ஜப்பானில் இருந்து குபோட்டா, யன்மார் போன்றவையும் அதற்குப் பிறகு சீனத் தயாரிப்புகளும் வந்தன. எது வந்தாலும் எங்கள் ஊர்களில் பெயர் லான்ட்மாஸ்டர்தான்.

போர்க்காலத்தில் உழவு இயந்திரப் பெட்டி வேறொரு பொருளாக மாறியது. 2008, 2009 இல் மன்னாரில் இருந்து கிளிநொச்சி வழியாக முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த மக்கள் வீட்டுக் கூரையையும் நெல்லையும் வயோதிபர்களையும் பெட்டியில் ஏற்றினார்கள். மழைக்குப் பெட்டியின் மேல் தரப்பாள் கட்டினார்கள், அதன் அடியில் படுத்தார்கள். அதற்கு முன்னரே, 2006 இல், சம்பூர் உள்ளிட்ட மூதூர் கிழக்கு மக்கள் வெருகல், கதிரவெளி, வாகரை வழியாக மட்டக்களப்பு நோக்கி ஓடியபோது மாடுகளும் வாகனங்களும் பின்னே கைவிடப்பட்டன. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்துவிட்டு, 2015 இலும் 2016 இலும் சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டபோது திரும்பியவர்கள் காடு மண்டிய நிலத்தில் வெறுங்கையுடன் தொடங்கினார்கள்.

அப்படித் தொடங்கியவர்களுக்குப் புதிய இயந்திரம் எட்டாத விலை. 2020 இல் வாகன இறக்குமதி பெருமளவில் நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது. இரண்டும் சேர்ந்து பழைய வாகனங்களின் விலையையும் உயர்த்திவிட்டன. ஆகவே, இப்போது ஒரு தவறான கொள்வனவு ஒரு குடும்பத்தைப் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளக்கூடியது.

முதலில் ஒரு கணக்கு

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பதே முதல் கேள்வி. கடந்த இரண்டு போகத்திலும் உழவுக்கும் ஏற்றியிறக்கவும் எவ்வளவு வாடகை கொடுத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மறுபக்கத்தில் மாதத் தவணை, டீசல், காப்புறுதி, டயர், திருத்த வேலை ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டு ஏக்கர் மட்டும் செய்யும் குடும்பத்துக்கு வாடகை மலிவாக இருக்கக்கூடும். அயலவர்களுக்கும் உழுதுகொடுக்கவோ பாரம் ஏற்றவோ வீட்டில் ஆள் இருந்தால்தான் சொந்த இயந்திரம் தன் செலவைத் தானே சம்பாதிக்கும். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில், இயந்திரத்தை யார் ஓட்டுவார், அவருக்கு என்ன கூலி என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கமக்காரர் அமைப்பில் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்குவதும் ஒரு வழி. அப்படியானால் யார் பெயரில் பதிவு, பழுதானால் யார் செலவு என்பதை முதலிலேயே எழுத்தில் வையுங்கள்.

குனிந்து பார்க்க வேண்டியவை

பெட்டியைக் கழற்றித் தனியாக நிறுத்தச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அதுவே ஒரு தகவல்.

இழுவைச் சட்டம் பெட்டியுடன் சேரும் இடத்தைப் பாருங்கள். அதிக விசை விழும் இடம் அதுதான். வெல்டிங்கின் மேல் வெல்டிங், அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ற், முடி போன்ற வெடிப்பு ஆகியன இருந்தால் சட்டம் ஒருமுறை உடைந்திருக்கிறது. கொழுவும் ஆணியை ஆட்டிப் பாருங்கள். ஆணி தேய்ந்தும் துளை முட்டை வடிவத்தில் அகன்றும் இருந்தால், வேகத்தில் பெட்டி அலைக்கழியும்.

கரையோரத்தில் துரு பெரிய எதிரி. மீன், உப்பு, கடல் மணல் ஏற்றிய பெட்டி மேலே பளபளப்பாக இருக்கும், அடியில் உக்கியிருக்கும். சிறு சுத்தியலால் அடித்தளத்தையும் குறுக்குச் சட்டங்களையும் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உக்கிய இரும்பு மந்தமாக ஒலித்து, செதில் செதிலாகக் கொட்டும்.

சக்கரத்தை ஜக் வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் தேய்ந்துள்ளது. சுழற்றும்போது அரைக்கும் சத்தம் கேட்டாலும் அதுதான் காரணம். டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2318 என்றால் 2018 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் வெயிலில் கிடந்து வெடித்த டயர் பாரம் தாங்காது.

பிரேக் எல்லாவற்றிலும் முக்கியமானது. லான்ட்மாஸ்டர் சாரதி பெட்டியின் முன்னால் இருந்து காலால் மிதிக்கும் பிரேக், பெட்டியின் சக்கரங்களில்தான் பிடிக்கிறது. பாரத்தோடு போகும்போது நம்பக்கூடிய பிரேக் அது ஒன்றே. கழற்றிய பெட்டியை இருவர் தள்ள, ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் இறுக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் பெட்டி திரும்பிக் கவிழும். பிரேக் கழற்றப்பட்ட பெட்டியை என்ன விலைக்குத் தந்தாலும், திருத்தும் செலவைக் கழிக்காமல் வாங்காதீர்கள்.

பின்பக்கச் சிவப்பு விளக்கையும் ஒளி தெறிக்கும் தகட்டையும் மறக்க வேண்டாம். அறுவடைக் காலத்தில் இருட்டில் நெல் ஏற்றி வரும் பெட்டி, பின்னால் வரும் பஸ் சாரதிக்குக் கடைசி நொடிவரை தெரிவதில்லை.

இயந்திரத்தைப் பார்க்கும்போது முதலில் அதன் மேல் கைவையுங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத குறையை மறைத்திருக்கலாம். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெறும் பெட்டியுடன் ஓடிப் பார்ப்பது போதாது. பாரம் ஏற்றி ஏற்றத்தில் ஓட்டுங்கள். கியர் தானாகக் கழன்றால் கியர்ப்பெட்டி தேய்ந்துவிட்டது.

பாரமும் இறக்கமும்

50 கிலோ மூட்டை 20 ஏற்றினால் ஒரு தொன். அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. பாரம் அச்சுக்குப் பின்னால் சாய்ந்தால் கொழுவியிருக்கும் இடம் மேலே தூக்கப்படும், பெட்டி பாம்பு போல நெளியும். பாரம் சற்று முன்னால் இருக்க வேண்டும். கனடாவில் எங்கள் உறவினர்கள் கோடை விடுமுறைக்கு பிக்கப் வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் முகாம் வண்டிக்கும் இதுவே விதி. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு, அல்லது சற்று அதிகம், கொழுவும் இடத்தில் விழ வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். பழைய முகாம் வண்டி வாங்குவோர் அங்கும் முதலில் பார்ப்பது துரு, அச்சு, டயரின் வயது, பிரேக் ஆகியவற்றைத்தான்.

லான்ட்மாஸ்டருக்கே உரிய ஒரு ஆபத்தும் உண்டு. சமதரையில் இடது பிடியில் உள்ள கிளச்சை அழுத்தினால் இடது சக்கரத்துக்குப் போகும் விசை நிற்கும். வலது சக்கரம் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டில் இருந்தோ வாய்க்கால் அணையில் இருந்தோ பாரத்தோடு இறங்கும்போது நடப்பது நேர்மாறு. பெட்டி பின்னால் தள்ளிக்கொண்டிருக்கும். இடது கிளச்சை அழுத்தினால், இயந்திரத்தில் இருந்து விடுபட்ட இடது சக்கரம் வேகமாக உருளும். வலது சக்கரத்தை இயந்திரம் தடுத்துப் பிடித்திருக்கும். வண்டி வலப்பக்கம் பாயும். புதிதாக ஓட்டுபவர் பதறி இன்னும் இறுக்கி அழுத்துவார். இறக்கத்தில் குறைந்த கியரில், பெட்டியின் பிரேக்கைப் பாவித்து, கிளச்சைத் தொடாமல் கைபிடியைத் தள்ளித்தான் திருப்ப வேண்டும். வாங்கும் நாளிலேயே இதைப் பழகிய ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இதை ஓட்ட சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஜி1 வகுப்பும் இருக்க வேண்டும்.

பத்திரத்தில் யாருடைய பெயர்?

பதிவுச் சான்றிதழில் உள்ள இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் இரும்பில் பொறித்துள்ள இலக்கங்களுடன் ஒத்துப்போக வேண்டும். பழைய லான்ட்மாஸ்டர்களில் இயந்திரத்தை மாற்றியிருப்பது சாதாரணம். அந்த மாற்றம் பத்திரத்திலும் பதியப்பட்டிருக்க வேண்டும். பெட்டிக்குத் தனிப் பதிவு இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். 2022 இல் எரிபொருள் கியூஆர் முறை வந்தபோது வாகன இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பொருந்தினால்தான் பதிய முடிந்தது. பத்திரம் பெட்டகத்தில் தூங்கும் காகிதம் அல்ல என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனமொன்றின் பெயர் இருந்தால், அந்தக் கடன் முடியும்வரை வாகனம் விற்பவருக்குச் சொந்தமில்லை. கடன் முடிந்ததாக நிறுவனம் தரும் கடிதமின்றிப் பணம் கொடுக்காதீர்கள். மணல் அல்லது மரம் ஏற்றிய வழக்கில் பிடிபட்டு, பிணைமுறியில் விடப்பட்ட வாகனமா என்றும் விசாரியுங்கள். வழக்கு முடியாத வாகனத்தை வாங்கினால் அதை இழக்க நேரிடலாம்.

வாங்குபவர் பெயரும் திகதியும் இல்லாமல் கையொப்பமிட்ட ‘ஓபன் பேப்பர்’ கைமாறிக் கைமாறி வருவது இங்கே வழமை. பதிவு உரிமையாளர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ அந்தக் காகிதத்தை வைத்து எதுவும் செய்ய முடியாத நிலை வரலாம். வாங்கியவுடன் உரிமை மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியுங்கள். சட்டம் தரும் அவகாசம் 14 நாட்கள்தான்.

எங்கள் பகுதிகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. பதிவு உரிமையாளர் போரில் இறந்தவராகவோ காணாமலாக்கப்பட்டவராகவோ இருக்கலாம். இறந்தவரின் வாகனத்தை மனைவியோ பிள்ளைகளோ சட்டப்படி தம் பெயருக்கு மாற்றிய பின்னரே விற்க முடியும். காணாமலாக்கப்பட்டவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் ஒரு சான்றிதழை ஏற்படுத்தியது. அதைக்கொண்டு குடும்பத்தவர் அவரது சொத்தைப் பராமரிக்க நடவடிக்கை எடுக்கலாம். ஆனால், பராமரிப்பதும் விற்பதும் ஒன்றல்ல. உண்மை தெரியாமல் எந்தச் சான்றிதழையும் பெறமாட்டோம் என்று மறுக்கும் தாய்மாரும் மனைவியரும் ஏராளம். அவர்களுடைய நிலைப்பாட்டை விலை குறைக்கும் வாய்ப்பாக யாரும் பயன்படுத்தக்கூடாது. இப்படியான வாகனத்தை வாங்குவதற்கு முன் இரு தரப்பும் சேர்ந்து ஒரு சட்டத்தரணியைக் கேட்பதே இருவருக்கும் பாதுகாப்பு.

தவணை மாதத்துக்கு, நெல் போகத்துக்கு

உதாரணத்துக்கு, மாதம் 25,000 ரூபா வீதம் 36 மாதம் கட்டினால் மொத்தம் ஒன்பது இலட்சம். வாங்கும் விலையை அந்த ஒன்பது இலட்சத்துடன் ஒப்பிட்டால்தான் வட்டி எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். நெல் பணம் வருவது பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் மட்டுமே. இடையில் உள்ள ஆறு மாதத்துக்கு ஒன்றரை இலட்சம் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இல்லாமல் கையொப்பமிடாதீர்கள். போகத்துக்கு ஒருமுறை கட்டும் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். உடன்படிக்கையைத் தமிழில் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையொப்பம் வேண்டாம். தவணை தவறி இயந்திரம் பறிபோனால் கட்டிய பணத்தோடு அடுத்த போகத்தின் உழவும் போய்விடும்.

வாங்கப் போகும் நாளில் மழையில்லாத பகலில் போங்கள். ஒரு மெக்கானிக், ஒரு ஜக், ஒரு சுத்தியல், பத்திரத்தின் பிரதி ஆகியவற்றோடு போங்கள். முற்பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கையில் பணம் இருந்தால் மனம் அவசரப்படும். இன்னொரு வண்டி எப்படியும் விற்பனைக்கு வரும்.