சிறுவர் கணுக்கால் நோவும் மருந்துத் தேர்வும்

ஒருகொடவத்தை ஒழுங்கையிற் பந்தாடும் சிறுவன் கணுக்கால் பிசகி வீழ்ந்தால், வீட்டார் முதலில் நாடுவது பனடோல் எனப் பலரும் வழங்கும் பரசிற்றமோலையே. அதனினும் ஏற்ற மருந்து உண்டோ என ஆராய்தல் பெற்றோர்க்குப் பயனுடைத்து.

கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்து, 2007இல் வெளிவந்த ஆய்வொன்று, அடிபட்ட 6 முதல் 17 வயது வரையான 300 சிறாரிடத்துப் பரசிற்றமோல், இபுபுரோபன், கோடீன் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. ஒரு மணி நேரத்தின்பின் நோவை மிகுதியாகத் தணித்தது இபுபுரோபனே. நோவையும் வீக்கத்தையும் தூண்டும் பொருள்கள் உடலில் உண்டாவதை அது குறைக்கின்றது.

கோடீன் உடலில் மோர்பினாக மாறுவது. அம்மாற்றம் விரைவாக நிகழும் சிறார்க்கு மூச்சு ஒடுங்கக்கூடும். ஆதலின் 12 வயதுக்குட்பட்டோர்க்கு அது தகாதென 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் விதித்தது. அஸ்பிரினும் சிறார்க்கு உகந்ததன்று. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோயுடன் அது தொடர்புடையது.

ஆயின், இபுபுரோபனே எக்காலமும் சிறந்ததென்று கொள்ளற்க. டெங்கு உலவும் கொழும்பிலே, பிள்ளைக்குக் காய்ச்சலும் இருப்பின் அதனைக் கொடுத்தலாகாது, குருதிப்பெருக்கு நேரலாம். அந்நிலையிற் பரசிற்றமோலே தக்கது. ஆஸ்துமா, சிறுநீரக நோய், இரைப்பைப் புண் உடையோர்க்கும் வைத்தியரைக் கேட்டே இபுபுரோபன் கொடுத்தல் வேண்டும். எம்மருந்தாயினும் அளவு பிள்ளையின் நிறைக்கு ஏற்றதாகுக.

நோவு தணிந்தமை எலும்பு முறியாமைக்குச் சான்றாகாது. காலூன்றி நான்கு அடி நடக்க இயலாத பிள்ளையை, காலை உருவிச் சுளுக்கெடுக்க முயலாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.