கிராமம் சுமந்த வேலைநிறுத்தம்

கிராமத்து நினைப்பை விடாதவன் முழுமையான ஆலைத் தொழிலாளி ஆகமாட்டான், சங்கம் அமைத்து உறுதியாக நிற்கவும் மாட்டான் என்று முன்னர் பலர் கருதினர். பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளரின் நினைவுகள் இதற்கு மாறான உண்மையையே நமக்குக் காட்டுகின்றன.

பம்பாயின் முதற் பஞ்சாலை 1856 இல் உற்பத்தியைத் தொடங்கியது. கொங்கணக் கரையின் இரத்தினகிரி, தக்காணத்தின் சாத்தாரா முதலான இடங்களிலிருந்து உழவர் வந்து குவிந்தனர். கங்காணியைப் போன்ற 'ஜொபர்' என்பவனே ஆட்களைச் சேர்த்தான். ஒரே ஊரார் ஓர் அறையில் நெருங்கி வாழ்ந்தனர். வேலை முறைக்கேற்ப மாறிமாறி உறங்கினர். மனைவியரும் பெற்றோரும் ஊரிலே தங்கி வயலைப் பார்த்தனர். தனியாக வந்த ஆண்களுக்குப் பெண்கள் தம் வீட்டிலேயே சமைத்துக் கொடுத்தனர். 'கானாவல்' எனப்பட்ட அச்சாப்பாட்டு வீடுகளில் சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பது வழக்கம்.

1928 ஆம் ஆண்டில், இரண்டு தறிகளைப் பார்த்த நெசவாளி மூன்றைப் பார்க்கவேண்டும் என்பன போன்ற மாற்றங்களை ஆலை முதலாளிகள் புகுத்த முனைந்தனர். இதனை எதிர்த்து ஏறத்தாழ ஆறு மாதம் பொது வேலைநிறுத்தம் நடந்தது. செங்கொடிச் சங்கமான கிர்ணி காம்கார் யூனியன் அப்போராட்டத்திலேயே உருவானது. கூலியின்றி ஆறு மாதம் தாக்குப்பிடித்தது எவ்வாறு? பலர் ஊருக்குத் திரும்பினர். வயல் அவர்களுக்குச் சோறிட்டது. சங்கத்தின் கையில் இல்லாத நிதியைக் கிராமமே வைத்திருந்தது எனலாம்.

இப்பிரிவின் துயரம் இலக்கியமாகவும் மலர்ந்தது. பஞ்சாலையில் உழைத்த மராத்திக் கவிஞர் அண்ணாபாவு சாட்டே, ஊரில் மனைவியை விட்டுப் பம்பாய் வந்தவனின் ஏக்கத்தை 'மாஜி மைனா' என்ற பாடலில் அமைத்தார். ஐக்கிய மகாராட்டிர இயக்க மேடைகளில் அது முழங்கியது. தனிமனித ஏக்கம் அரசியற் குரலாகியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1982 சனவரி 18 இல் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இம்முறையும் பலர் ஊருக்கே சென்றனர். ஆனால், ஓராண்டைக் கடந்து நீண்ட போராட்டத்தைச் சிறுவயல்களால் தாங்க இயலவில்லை. வேலைநிறுத்தம் முறைப்படி முடிக்கப்படவேயில்லை; பல்லாயிரவர் வேலையை இழந்தனர். ஆலை நிலங்களிற் பல பின்னர் அங்காடிகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறின.

மீனா மேனனும் நீரா அடார்க்கரும் முதிய தொழிலாளரைக் கண்டு, அவர்தம் வாய்மொழியைத் தொகுத்து 2004 இல் ஆங்கில நூலாக்கினர். தலைவர்களின் பெயர்களும் தீர்மானங்களும் சங்க ஏடுகளில் உள்ளன. வயலைக் காத்த மனைவியையும், கடனுக்குச் சோறிட்ட கானாவற் பெண்ணையும் அறியவேண்டுமாயின், இத்தகைய நினைவுகளையே நாம் நாடவேண்டும். அவ்விருவரும் இன்றி 1928 இன் ஆறு மாதம் இல்லை.