பழைய துறைமுகமும் பழைய இரும்பாலையும்: எது வெற்றி?

என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன் இப்போது லண்டன் கெனரி வார்ஃபில், கண்ணாடிக் கோபுரம் ஒன்றில் இரவுக் காவல் வேலை செய்கிறான். போன பெருநாளுக்குக் கதைத்தபோது சொன்னான்: "சேர், இங்க காலையில ரயில்ல வந்து இறங்குற ஆக்கள் வேற, சுத்திவர குடியிருக்கிற ஆக்கள் வேற."

கைத்தொழில் நின்றுபோன பகுதியொன்றுக்கு மீண்டும் உயிர் கொடுப்பதை நகர மீளுருவாக்கம் என்கிறோம். அது வெற்றியா, தோல்வியா என்று எதை வைத்துச் சொல்வது? அவன் வேலை செய்யும் லண்டன் டொக்லண்ட்ஸையும், ஜேர்மனியின் ரூர் பிரதேசத்திலுள்ள டுயிஸ்பேர்க் நகரின் வட பகுதியையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

கெனரி வார்ஃப் நிற்கும் இடத்தில் முன்பு இருந்தது 1802இல் திறந்த மேற்கிந்தியக் கப்பல்துறை. அடிமைகள் விளைவித்த சீனியும் ரம்மும் அங்கே வந்திறங்கின. பிற்காலத்தில் நமது மலையகத் தேயிலைப் பெட்டிகளும் லண்டன் துறைகளுக்கே போயின. பிறகு கொள்கலன் கப்பல்கள் வந்தன. அவற்றுக்கு ஆழமான நீரும் விசாலமான தளமும் தேவைப்பட்டதால் வேலை ஆற்றின் கீழ்ப்பக்கம், டில்பரிக்கு நகர்ந்தது. 1967க்கும் 1981க்கும் இடையில் பழைய துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

1981இல் தட்சர் அரசாங்கம் அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் ஒன்றை அமைத்தது. திட்டமிடல் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களின் கையிலிருந்து அதற்குப் போனது. 1982இல் அங்கு வந்த தொழில் வலயத்தில் கட்டடங்களுக்குப் பத்து வருட வரிவிலக்கு. தனியார் முதல் வந்தது. 1991இல் 235 மீற்றர் கோபுரம் எழுந்தது. அதைக் கட்டிய கம்பனி மறு வருடமே முறிந்துபோனாலும், 1999இல் ஜூபிலி ரயில் பாதை வந்த பிறகு இடம் நிமிர்ந்தது. இப்போது ஒரு இலட்சம் வேலைகளின் கணக்கில் பேசப்படும் வங்கி நகரம் அது.

ஆனால் மூட்டை இறக்கியவனின் கைத்திறனுக்கு வங்கியில் என்ன வேலை? கோபுரங்கள் நிற்கும் டவர் ஹாம்லெட்ஸில் 2021 குடிசனமதிப்பின்படி 39.9 வீதத்தினர் முஸ்லிம்கள். பெரும்பாலும் பங்களாதேஷ் வழிவந்தவர்கள். சிறுவர் வறுமை மிகக் கூடிய இங்கிலாந்துப் பகுதிகளில் அதுவும் ஒன்று. என் மாணவன் சொன்ன "வேற ஆக்கள்" இவர்கள்தான்.

டுயிஸ்பேர்க் வேறு வழியில் போனது. 1901இல் தொடங்கிய மைடரிக் இரும்பாலை 1985இல் மூடப்பட்டது. அதை உடைத்துத் தள்ளாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளரின் திட்டப்படி, ஏறக்குறைய 180 ஹெக்டேயரில் 1994இல் பூங்கா திறக்கப்பட்டது. வாயுத் தாங்கியில் தண்ணீர் நிரப்பிச் சுழியோடுகிறார்கள். தாதுப்பொருள் கொட்டிய சுவர்களில் ஏறிப் பழகுகிறார்கள். ஊதுலையின் உச்சிக்கும் போகலாம். உள்ளே போகக் காசு இல்லை. சாக்கடையாக ஓடிய எம்ஷர் ஆற்றைக் கழிவுநீரிலிருந்து விடுவிக்கும் வேலையும் 2021 முடிவில் நிறைவேறியது. அதற்குப் பல பில்லியன் யூரோ பொதுப்பணம் செலவானது.

அங்கும் குறை உண்டு. பூங்கா ஆலையைப் போல ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுக்காது. நகரில் வேறு உருக்காலை இன்னும் இயங்கினாலும், டுயிஸ்பேர்க்கின் வேலையின்மை நாட்டின் சராசரியை விட நன்றாகக் கூட. பக்கத்திலுள்ள மார்க்ஸ்லோவில், 1961 ஒப்பந்தத்துக்குப் பின் உழைக்க வந்த துருக்கியரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கிறார்கள். ஒரு காலம் சுரங்கக் கன்டீன் ஒன்றைத் தொழுமிடமாக்கி வைத்திருந்தவர்கள், 2008இல் அங்கே பெரிய பள்ளிவாசலைத் திறந்தார்கள். இதையும் நான் மீளுருவாக்கம் என்றுதான் சொல்வேன். செய்தவர்கள் அங்கேயே வாழ்பவர்கள்.

எவ்வளவு முதல் வந்தது என்று கேட்டால் லண்டனுக்கே கூடிய புள்ளி. முன்பு அங்கே உழைத்தவனின் பேரன் அந்த இடத்தைத் தன் இடமாக உணர்வானா என்று கேட்டால் டுயிஸ்பேர்க் முந்தும். அவனுக்கு அங்கே ஒழுங்கான வேலை கிடைக்குமா என்று கேட்டால் இரண்டுக்கும் முழுப் புள்ளி போட என் பேனை எழும்பாது.

மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வியைத்தான் திட்டம் வரைபவர்கள் முதலில் கேட்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால், பதில் சொல்ல அந்தப் பழைய ஆக்கள் அங்கே இருக்கமாட்டார்கள்.